இரண்டு முதல்வர்களிடமும் கேட்பது எப்படி: கல்லூரித் தலைமையும் சட்டமன்றத் தேர்தலும்

நம் மொழியில் கல்லூரியை நடத்துகிறவரும் முதல்வர், மாநிலத்தை நடத்துகிறவரும் முதல்வர். மூன்று வருடம் படித்துவிட்டு வெளியே வருகிற நம்மில் பெரும்பாலானோர் இந்த இருவரிடமும் ஒரு கேள்விகூட கேட்காமலேயே வந்துவிடுகிறோம். கருத்து இல்லாமல் இல்லை. விடுதி அறையில் இரவு பதினொரு மணிக்குமேல் ஆரம்பித்தால் மாணவர் பேரவைச் சேர்மனிலிருந்து முதலமைச்சர் வரை யாரையும் விடாமல் விடிய விடியப் பேசுவோம், காலையில் குளியலறை வரிசையில் நிற்கும்போது அந்தப் பேச்சு எங்கே போனது என்றே தெரியாது.

நான் தென்மாவட்டத்தில் ஒரு கலைக் கல்லூரியில் படித்தேன். இரண்டாம் ஆண்டில் கிளாஸ் ரெப், மூன்றாம் ஆண்டில் மாணவர் பேரவைச் செயலாளர். அந்த வருடம்தான் 2016 சட்டமன்றத் தேர்தலும் வந்தது, என் முதல் ஓட்டும் அதுதான். இப்போது ஜூனியர்கள் யாராவது 'அண்ணா, பேரவைக்கு நிற்கலாமா', 'இந்தத் தேர்தலில் மாணவர்கள் என்னதான் செய்ய முடியும்' என்று கேட்டால் நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாணவர் கருத்து என்பது, அதற்குப் பதில் சொல்ல வேண்டியவரின் பெயரும் ஒரு தேதியும் அதில் சேரும் வரைக்கும் புலம்பல்தான். அந்தப் பெயரையும் தேதியையும் எப்படிச் சேர்ப்பது என்பதுதான் இங்கே வேலை.

முதலில் துண்டுச் சீட்டு

வாட்ஸ்அப் குழுவில் கருத்துக்கணிப்பு போட்டு ஆரம்பிக்காதீர்கள். யார் எதற்கு ஓட்டுப் போட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், முதல் ஐந்து பேர் எதை அழுத்தினார்களோ அதையே மற்றவர்களும் அழுத்துவார்கள், பேசாதவர்கள் கடைசிவரை பேச மாட்டார்கள். கோடு போட்ட நோட்டுத் தாளை நான்காகக் கிழித்து ஆளுக்கு ஒன்று கொடுங்கள். பெயர் வேண்டாம், ரோல் நம்பர் வேண்டாம். இரண்டே கேள்வி. 'போன ஒரு மாதத்தில் கல்லூரியில் எது உங்களுக்குக் கஷ்டமாக இருந்தது?', 'கல்லூரிக்கு வெளியே எது மாறினால் உங்கள் படிப்புக்கு உதவியாக இருக்கும்?' அவ்வளவுதான். 'உங்கள் கோரிக்கை என்ன' என்று கேட்டுவிடாதீர்கள், அப்படிக் கேட்டால் வைஃபை, கேன்டீன், கல்ச்சுரல்ஸ் என்று எல்லோரும் எல்லா வருடமும் எழுதுவதைத்தான் எழுதுவார்கள். 'போன ஒரு மாதத்தில்' என்று கேட்டால்தான் உண்மையில் நடந்தது வரும்.

எங்கள் வகுப்பில் 58 பேர். சாக்பீஸ் பெட்டியில் சீட்டைப் போடச் சொல்லி, மதியம் படிக்கட்டில் உட்கார்ந்து நானும் இன்னொரு ரெப் பெண்ணும் ஒவ்வொன்றாகப் பிரித்தோம். நான் வைஃபைதான் வரும் என்று நினைத்திருந்தேன். பதினொரு சீட்டில் ஒரே விஷயம் இருந்தது: மாடிக் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை, ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. ஒரு சீட்டில் 'அதனால் நான் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை' என்று ஒரே ஒரு வரி. நான் ஆறு மாதமாக அந்த வகுப்புக்கு ரெப், தினமும் அந்த மாடியில்தான் ஏறி இறங்கினேன், எனக்கு இது தெரியாது. கூட இருந்த பெண்ணைப் பார்த்தேன், அவள் 'எனக்குத் தெரியும், ஆனால் இதைப் போய் எப்படி யாரிடம் சொல்வது என்று விட்டுவிட்டேன்' என்றாள். அன்றைக்கே ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, துறைத் தலைவரின் கையெழுத்தோடு அலுவலகத்தில் கொடுத்தோம். நான்காம் நாள் ஒரு தச்சர் வந்து மூன்று கதவுக்கும் தாழ்ப்பாள் மாட்டிவிட்டுப் போனார். அதற்கு முன்பு அதை யாரும் எழுதிக் கொடுத்ததே இல்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள்.

சீட்டுகளை எண்ணும்போது எண்ணிக்கை மட்டும் முக்கியம் என்று நினைக்க வேண்டாம். ஒரே ஒருவர் எழுதியதாக இருந்தாலும் அது சாதி பற்றியோ சீண்டல் பற்றியோ இருந்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள். அதைச் சத்தமாக வாசிக்காதீர்கள், யார் எழுதியது என்று தேடாதீர்கள்.

யார் கையில் இருக்கிறது என்று பிரியுங்கள்

இதைத்தான் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை, எனக்கும் மூன்றாம் ஆண்டில்தான் புரிந்தது. சீட்டுகளை மேசையில் பரப்பி நான்கு குவியலாகப் பிரியுங்கள். கல்லூரி கையில் இருப்பது: தாழ்ப்பாள், குடிநீர், நூலகம் எத்தனை மணி வரை திறந்திருக்கும், வருகை குறைந்தால் கட்டச் சொல்லும் பணம். பல்கலைக்கழகத்தின் கையில் இருப்பது: தேர்வுக் கட்டணம், மறுமதிப்பீட்டு முடிவு, பட்டச் சான்றிதழ் தாமதம். மாநில அரசின் கையில் இருப்பது: அரசுக் கல்லூரிகளில் நிரப்பாத பணியிடங்கள், கௌரவ விரிவுரையாளர் சம்பளம், கல்வி உதவித்தொகை, ஆதிதிராவிடர் நல விடுதியும் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதியும், பஸ். ஒன்றிய அரசின் கையில் இருப்பது: யுஜிசி என்கிற பல்கலைக்கழக மானியக் குழு, விரிவுரையாளர் ஆவதற்கான நெட் தேர்வு, மருத்துவப் படிப்புக்கான நீட் நுழைவுத் தேர்வு.

ஏன் இவ்வளவு பாடு என்றால், தவறான ஆளிடம் கேட்டால் அவர் 'நிச்சயமாகச் செய்கிறோம்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார், அதில் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்வி முன்பு மாநிலப் பட்டியலில் இருந்தது, 1976-ல் 42-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அதைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. அதனால்தான் தமிழ்நாடு சட்டமன்றம் 2021 செப்டம்பரில் நீட் விலக்கு மசோதாவை நிறைவேற்றி, ஆளுநர் திருப்பி அனுப்பிய பிறகு 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேற்றியும், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் இல்லாமல் அது சட்டமாகவில்லை. ஒப்புதல் மறுக்கப்பட்டுவிட்டது என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இந்த வரலாறு தெரிந்திருந்தால், எந்தக் கட்சி வேட்பாளர் வந்து நீட் பற்றி வாக்குறுதி கொடுத்தாலும் 'சரிங்க ஐயா, எந்த வழியில்?' என்று ஒரு கேள்வி கேட்க முடியும். கோர்ட்டா, மசோதாவா, நாடாளுமன்றமா? அவர் எந்தப் பக்கம் இருந்தாலும் இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

கல்லூரிக்குள்: நாற்காலி எங்கே காலியாக இருக்கிறது

தமிழ்நாட்டில் ஏராளமான கல்லூரிகளில் மாணவர் பேரவைக்கு நேரடித் தேர்தலே கிடையாது, துறைத் தலைவர்கள் பெயர் கொடுப்பார்கள், முதல்வர் அறிவிப்பார். உங்கள் கல்லூரி அப்படியென்றால் முதலில் லிங்டோ குழு அறிக்கையை வாசியுங்கள். முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையிலான குழு 2006-ல் கொடுத்தது, அதே வருடம் செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை நடைமுறைப்படுத்தச் சொன்னது. தேர்தல் நடத்தச் சூழல் சரியில்லாத இடத்தில் நியமனம் செய்யலாம் என்று அதில் இருக்கிறது, அதைத்தான் நிர்வாகம் உங்களிடம் காட்டும். ஆனால் அந்த நியமன முறை இடைக்காலத்துக்குத்தான், படிப்படியாகத் தேர்தலுக்கு மாற வேண்டும் என்றும் அதே அறிக்கையில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 'எப்போது மாறுவோம் சார்?' என்று மரியாதையாக, எழுத்தில் கேளுங்கள்.

தேர்தல் நடக்கிற கல்லூரி என்றால் நிற்பதற்கு முன் விதிகளைப் பாருங்கள். இளங்கலை மாணவருக்கு வயது 17 முதல் 22 வரை. வருகைப் பதிவு 75 சதவீதம், அல்லது பல்கலைக்கழகம் வைத்திருக்கும் அளவு, எது அதிகமோ அது. நிற்கிற வருடத்தில் அரியர் இருக்கக் கூடாது. நிர்வாகிப் பதவிக்கு ஒரு முறைதான் நிற்கலாம், செயற்குழு உறுப்பினர் என்றால் இரண்டு முறை. செலவு 5,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, கணக்கை முடிவு வந்து இரண்டு வாரத்துக்குள் கொடுக்க வேண்டும். அச்சடித்த போஸ்டர் கூடாது, கையால் எழுதியது மட்டும். ஒலிபெருக்கி, வண்டி ஊர்வலம் கூடாது. மனுத் தாக்கல் முதல் முடிவு வரை எல்லாம் பத்து நாளில் முடிய வேண்டும். கையால் எழுதிய போஸ்டர் என்கிற விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். வீட்டில் காசு இருக்கிற பையனும் உதவித்தொகையில் படிக்கிற பெண்ணும் ஒரே ஸ்கெட்ச் பேனாவை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து எழுத வேண்டியதுதான்.

பேரவையைத் தவிரவும் நாற்காலிகள் இருக்கின்றன, பலருக்கு அது தெரிவதில்லை. யுஜிசியின் 2023 விதிமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்க் குழு இருக்க வேண்டும், அதில் சிறப்பு அழைப்பாளராக ஒரு மாணவப் பிரதிநிதி இருக்க வேண்டும், புகார் வந்து 15 வேலை நாளுக்குள் குழு தன் அறிக்கையைக் கொடுக்க வேண்டும். பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவில், விஷயம் மாணவர்கள் சம்பந்தப்பட்டது என்றால், மாணவர்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவர்கள் இருக்க வேண்டும் என்று 2015 விதிமுறை சொல்கிறது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக்கின் மதிப்பீட்டுக்கான உள் தர உறுதிக் குழுவிலும் மாணவர் ஒருவருக்கு இடம் உண்டு. உங்கள் கல்லூரியில் இந்த இடங்களில் யார் இருக்கிறார்கள் என்று போய்க் கேளுங்கள். பல நேரம் பெயர்ப் பலகையில் யாரோ ஒரு மாணவரின் பெயர் இருக்கும், அந்த மாணவருக்கே தான் அதில் இருப்பது தெரியாது. நாக் மதிப்பீடு வரப்போகிற வருடம் என்றால் நிர்வாகம் இதையெல்லாம் கொஞ்சம் கவனமாகக் கேட்கும், அந்த நேரத்தை விட்டுவிடாதீர்கள்.

மனு எழுதுவது பற்றி ஒரு வார்த்தை. ஒரு தாளில் ஒரு விஷயம் மட்டும். பன்னிரண்டு கோரிக்கையை ஒரே தாளில் கொடுத்தால் அதில் எளிதான இரண்டைச் செய்துவிட்டு முடிந்துவிட்டது என்பார்கள். என்ன நடக்கிறது, எத்தனை பேருக்கு, என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும். இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட யோசித்தால் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அரசுக் கல்லூரி, அரசு உதவி பெறும் கல்லூரி என்றால் தகவல் உரிமைச் சட்டமும் இருக்கிறது: 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். கோபத்தில் முதல் நாளே இதைப் போட வேண்டாம், பேசிப் பார்த்து, எழுதிப் பார்த்து, அப்புறம் போடுங்கள்.

சேர்மன் பதவிக்கு நிற்கிறவரை எப்படி எடை போடுவது? நான் மூன்றே விஷயம் பார்ப்பேன். அவர் இதுவரை யாருக்காக, தனக்கு லாபமில்லாமல், அலுவலகப் படி ஏறியிருக்கிறார்? போன வருடம் கல்ச்சுரல்ஸ் நிதியை அவர் கையாண்டிருந்தால் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டினாரா? தன் சாதிக்காரர், தன் ஊர்க்காரர், தன் துறை தவிர வேறு யார் அவருக்காகப் பேசுகிறார்கள்? இந்த மூன்றாவது கேள்வி சங்கடமானது, ஆனாலும் கேட்டே ஆக வேண்டும். கையில் கட்டும் கயிற்றின் நிறத்தைப் பார்த்து ஓட்டுப் பிரிகிற கல்லூரிகள் இருக்கின்றன, நான் படித்ததும் அப்படி ஒன்றுதான். அங்கே தோற்றாலும் பரவாயில்லை என்று வேறு தெருப் பையனுக்காக ஓட்டுக் கேட்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும், அவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் பெரிய மரியாதை.

கட்சியின் மாணவர் அமைப்பில் சேரலாமா?

இந்தக் கேள்வி எல்லா வருடமும் வரும். வீட்டில் 'அரசியல் எல்லாம் வேண்டாம்ப்பா, படிக்கப் போன வேலையைப் பார்' என்பார்கள். அவர்கள் பயம் நியாயமானது, முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கப்போகிற பிள்ளை மேல் ஒரு வழக்கு விழுந்தால் என்னவாகும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் மாணவர்கள் தள்ளி நின்றிருந்தால் தமிழ்நாட்டு அரசியல் இன்றைக்கு இருக்கிற மாதிரி இருந்திருக்காது. 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் இறங்கியவர்கள் கல்லூரி மாணவர்கள். ஜனவரி 27 அன்று சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். இரண்டு வருடம் கழித்து 1967 தேர்தலில் காமராஜரை விருதுநகரில் 1,285 ஓட்டில் தோற்கடித்தவர் பெ. சீனிவாசன், அந்தப் போராட்டத்திலிருந்து வந்த மாணவர் தலைவர். 2013 மார்ச்சில் ஈழத் தமிழர் பிரச்சினைக்காகச் சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள் எட்டுப் பேர் உண்ணாவிரதம் ஆரம்பித்தார்கள், அது மாநிலம் முழுக்கப் பரவியது, அதே மாதம் திமுக ஒன்றிய அரசிலிருந்து வெளியேறியது. 2017 ஜனவரி மெரினா ஜல்லிக்கட்டுப் போராட்டம் பலருக்கு நேரடி நினைவு.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். 1965-ல் மாணவர்களுக்குப் பின்னால் ஒரு கட்சி இருந்தது, வெற்றியும் அந்தக் கட்சிக்குப் போனது, மாணவர் தலைவர்கள் பலர் சட்டமன்றத்துக்கும் போனார்கள். 2017-ல் மெரினாவில் கட்சிக் கொடிகளை விடவில்லை, சட்டம் வந்தது, ஆனால் கூட்டம் கலைந்த பிறகு அந்த மாணவர்களிடமிருந்து நிலையான அமைப்பு எதுவும் எழவில்லை. அமைப்பில் சேர்ந்தால் அனுபவம், சட்ட உதவி, வெளியூர்த் தொடர்பு எல்லாம் கிடைக்கும். பதிலுக்கு உங்கள் கல்லூரிப் பிரச்சினையைக் கட்சியின் அட்டவணைக்காகக் காத்திருக்க வைக்க வேண்டி வரலாம். என் கருத்து: சேருங்கள், ஆனால் கிளாஸ் ரெப்பாகவோ பேரவையிலோ இருக்கிற வருடத்தில் அமைப்புப் பொறுப்பு எதையும் வாங்காதீர்கள். ஒரே நேரத்தில் 58 பேருக்கும் மாவட்டச் செயலாளருக்கும் பதில் சொல்ல முடியாது. ஆட்சியில் இருப்பது உங்களுக்குப் பிடித்த கட்சியாக இருக்கும்போது இது இன்னும் கடினம்.

தேர்தல் வருகிறது: முதலில் பட்டியலில் பெயர்

எவ்வளவு ஆவேசமாகப் பேசினாலும் வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லையென்றால் எந்த வேட்பாளரும் திரும்பிப் பார்க்க மாட்டார். ஓட்டுரிமை வயது 21-லிருந்து 18 ஆனது 1989-ல்தான். இப்போது வருடத்துக்கு நான்கு தகுதி நாள்: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. 17 வயது முடிந்தவுடனேயே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். புதிதாகச் சேர்வதற்குப் படிவம் 6, முகவரி மாற்றத்துக்கும் திருத்தத்துக்கும் படிவம் 8. தேர்தல் ஆணையத்தின் செயலியிலேயே செய்யலாம், சந்தேகம் என்றால் 1950-க்குப் போன் செய்யலாம்.

விடுதி மாணவர்கள் நன்றாகக் கேளுங்கள். நீங்கள் விடுதி முகவரியிலும் பதிவு செய்யலாம், அதற்கு கல்லூரி முதல்வரோ பதிவாளரோ கொடுக்கும் சான்று வேண்டும். ஆனால் சொந்த ஊரிலும் விடுதியிலும் இரண்டு இடத்தில் பெயர் இருக்கக் கூடாது, அது குற்றம். எங்கே வைத்துக்கொள்வது என்பதை யோசித்து முடிவெடுங்கள்: தேர்தல் ஏப்ரல், மே மாதத்தில் வந்தால் நீங்கள் அப்போது செமஸ்டர் எழுதிக்கொண்டிருப்பீர்களா, ஊரில் இருப்பீர்களா? ஏற்கெனவே பெயர் இருக்கிறது என்று சும்மா இருக்காதீர்கள். 2025 டிசம்பர் 19-ல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு வெளியான தமிழ்நாடு வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. மனுத் தாக்கலின் கடைசி நாள் தாண்டிவிட்டால் அந்தத் தேர்தலுக்குப் பெயர் சேர்க்க முடியாது, ஆகவே இது கடைசி வாரத்தில் பார்க்கிற வேலை இல்லை. எங்கள் கல்லூரியில் நூலக வாசலில் ஒரு மேசை போட்டு, இரண்டு நாள் மதிய இடைவேளையில் படிவம் நிரப்ப உதவினோம். அதிகம் பேர் திணறியது முகவரிச் சான்றில்தான், ரேஷன் கார்டு ஊரில், ஆதார் பழைய வீட்டு முகவரியில். முந்தின நாளே என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடுங்கள்.

'என் ஒரு ஓட்டில் என்ன ஆகப்போகிறது' என்று சொல்கிற நண்பரிடம் வாதாட வேண்டாம், மூன்று எண்ணைச் சொல்லுங்கள். 2016-ல் ராதாபுரத்தில் வித்தியாசம் 49 ஓட்டு. 2021-ல் தி.நகரில் 137, மொடக்குறிச்சியில் 281. நாற்பத்தொன்பது பேர் என்றால் ஒரு வகுப்பறை.

வேட்பாளரைப் படிப்பதும் பார்ப்பதும்

ஒவ்வொரு வேட்பாளரும் மனுவோடு படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரம் கொடுக்கிறார். அவர் மேல் உள்ள வழக்குகள், சொத்து, கடன், குடும்பத்தினர் சொத்து, படிப்பு எல்லாம் அதில் இருக்கும், தேர்தல் ஆணையத் தளத்தில் யாரும் பார்க்கலாம். வழக்கு இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து ஒதுக்காதீர்கள், என்ன பிரிவு என்று பாருங்கள். மறியல் செய்ததற்கான வழக்கும் கொலை முயற்சி வழக்கும் ஒன்றில்லை. ஏற்கெனவே எம்எல்ஏவாக இருந்தவர் என்றால் போன முறை கொடுத்த பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அப்புறம் உங்கள் மூன்றாவது குவியலை, அதாவது மாநில அரசு கையில் இருக்கும் விஷயங்களை, எடுங்கள். அதிலிருந்து தொகுதிக்கான இரண்டு கேள்வி தேர்ந்தெடுங்கள், இரண்டுக்கு மேல் வேண்டாம். எம்எல்ஏவுக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் இருக்கிறது, சட்டமன்றத்தில் கேள்வி கேட்கலாம், மானியக் கோரிக்கை விவாதத்தில் பேசலாம், துறை அதிகாரிகளை அழைத்துப் பேசலாம். இந்த அளவுக்குள் வருகிற கேள்வியாக இருந்தால் அவரால் தப்ப முடியாது.

எங்கள் கேள்வி பஸ். வகுப்பு முடிவது மூன்றரை, வடக்குப் பக்கக் கிராமங்களுக்கு டவுன் பஸ் நான்கு பத்துக்கு ஒன்று, அதை விட்டால் அப்புறம் ஐந்தே முக்கால். லேப் இருக்கிற நாளில் அந்தப் பக்கத்துப் பெண்கள் பாதியில் எழுந்து ஓடுவார்கள். ஒரு வாரம் பஸ் நிறுத்தத்தில் நின்று, எந்த ஊருக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்தோம், ஐந்தே முக்கால் வண்டிக்குத் தினமும் எழுபது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். அந்தக் கணக்கை ஒரே பக்கத்தில் எழுதி, எங்கள் தொகுதியின் முக்கிய வேட்பாளர்கள் நான்கு பேருக்கும் ஒரே கடிதமாகக் கொடுத்தோம், கட்சி பார்க்காமல். இருவர் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் 'கண்டிப்பா செஞ்சுடுவோம் தம்பி' என்று தோளைத் தட்டினார். நான்காமவர் பிரச்சார வேனிலிருந்து இறங்கி நின்று நோட்டைப் புரட்டி, 'டெப்போ மேனேஜர்கிட்ட கொடுத்தீங்களா? அவர் என்ன சொன்னார்?' என்று கேட்டார். நாங்கள் கொடுத்திருக்கவில்லை. அந்தக் கேள்வியில்தான் எங்களுக்குப் புத்தி வந்தது, மறுநாளே கிளை மேலாளரைப் போய்ப் பார்த்தோம். அதனால் நீங்கள் முதலிலேயே அங்கே போய்விடுங்கள், அந்த அதிகாரி சொன்ன பதிலையும் கடிதத்தில் சேர்த்துக்கொண்டு வேட்பாளரிடம் போங்கள்.

வேட்பாளரைக் கல்லூரிக்குள் அழைக்க நினைத்தால், தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும்போது நிர்வாகம் தயங்கும், அது புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஒருவரை மட்டும் அழைப்பது தவறும்கூட. காலையில் வீதி வீதியாக ஓட்டுக் கேட்டு வரும்போது பிடிப்பது எளிது, மாலைப் பொதுக்கூட்டத்தில் நெருங்க முடியாது. மூன்று நான்கு பேராகப் போங்கள், முப்பது பேராகப் போனால் கோஷமாகிவிடும். கடிதம் கொடுத்ததைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அவர் கட்சித் துண்டைப் போட்டு படம் எடுக்க வந்தால் மறுத்துவிடுங்கள். அடுத்த வேட்பாளர் அந்தப் படத்தைப் பார்த்தால் உங்கள் கடிதத்தைப் பிரிக்கக்கூட மாட்டார்.

பணம்

சட்டமன்ற வேட்பாளர் செலவு வரம்பு 40 லட்சம் ரூபாய். அதைத் தாண்டி என்ன ஓடுகிறது என்று நம் ஊரில் வளர்ந்த யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தலைப் பணப் பட்டுவாடாவால் ஆணையம் ரத்து செய்தது, 2017-ல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல், 2019-ல் வேலூர் நாடாளுமன்றத் தேர்தல். கொடுப்பது மட்டுமில்லை, ஓட்டுக்காக வாங்குவதும் குற்றம். நேரில் பார்த்தால் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் என்கிற புகார் வசதியில் படமோ வீடியோவோ எடுத்து அனுப்பலாம், பெயர் சொல்லாமலும் அனுப்பலாம். ஆனால் உங்கள் சொந்தத் தெருவில், இரவில், தனியாக நின்று வீடியோ எடுக்காதீர்கள். அந்தத் தைரியத்தை நான் யாரிடமும் கேட்க மாட்டேன். வீட்டில் அம்மா வாங்கிவிட்டால் அவரிடம் சண்டை போடுவதைவிட, உங்கள் பஸ் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். என் அம்மா அதைக் கேட்டுவிட்டு, 'அந்த டெப்போ பத்திக் கேட்டவர் யாரு?' என்று மட்டும் கேட்டார்.

நண்பர்களுக்குள் பேசும்போது

வகுப்பில் எல்லாக் கட்சிக்காரர் பிள்ளைகளும் இருப்பார்கள், இப்போது நடிகர் ரசிகர் மன்றங்களும் அதோடு கலந்திருக்கின்றன. பிரச்சார மாதத்தில் வகுப்புக் குழுவில் கட்சி ஸ்டேட்டஸ், மீம் எதுவும் வேண்டாம் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள், அதற்குத் தனிக் குழு வைத்துக்கொள்ளட்டும். நேரில் பேச உட்கார்ந்தால் 'எந்தக் கட்சி நல்லது' என்று ஆரம்பிக்காமல், ஒரு விஷயத்தை எடுங்கள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வாங்குகிற தோழி அந்தப் பணம் எதற்குப் போகிறது என்று சொல்லட்டும், தனியார் மெட்ரிக் பள்ளியில் படித்ததால் அது கிடைக்காத தோழியும் தன் வீட்டுக் கணக்கைச் சொல்லட்டும். ஒரு மணி நேரத்தில் கட்சிப் பேச்சே இல்லாமல் ஒரு கொள்கை விவாதம் நடந்திருக்கும். யாருக்கும் போடப் பிடிக்கவில்லை என்கிறவருக்கு 2013-லிருந்து நோட்டா இருக்கிறது, ஆனால் நோட்டாவுக்கு அதிக ஓட்டு விழுந்தாலும் அடுத்து இருக்கிறவர்தான் ஜெயித்தவர் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

முடிவு வந்த பிறகு

ஜெயித்தவர் பதவியேற்ற முதல் மாதத்தில், எம்எல்ஏ அலுவலகத்தில் அதே கடிதத்தின் நகலோடு போய் நில்லுங்கள். நாங்கள் ஜூனில் போனோம். ஜெயித்தது அந்த நான்காமவர் இல்லை, தோளைத் தட்டியவர். அவருடைய உதவியாளரிடம் கடிதத்தையும், கிளை மேலாளர் 'மேலிட உத்தரவு வந்தால் நேரத்தை மாற்ற முடியும்' என்று எழுதிக் கொடுத்த பதிலையும் சேர்த்துக் கொடுத்து, பதிவு எண் வாங்கினோம். நாங்கள் கல்லூரியை விட்டு வந்த பிறகு, அந்த நோட்டையும் பதிவு எண்ணையும் வாங்கிக்கொண்ட இரண்டாம் ஆண்டுப் பெண் மாதம் ஒரு முறை விடாமல் போய்க் கேட்டிருக்கிறாள். பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த வாரத்தில் நான்கு நாற்பதுக்கு ஒரு வண்டி விட்டார்கள்.

அதனால் கடைசி செமஸ்டரில் இதைக் கட்டாயம் செய்யுங்கள்: சீட்டுகளின் கணக்கு, முத்திரை போட்ட மனுக்கள், வேட்பாளர்களுக்குக் கொடுத்த கடிதங்கள், யார் என்ன பதில் சொன்னார்கள் என்ற குறிப்பு, எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு, அடுத்த வருடமும் கல்லூரியில் இருக்கப்போகிற ஒருவர் கையில் கொடுங்கள். அவரை அலுவலகத்துக்கும் எம்எல்ஏ அலுவலகத்துக்கும் ஒரு தடவை நேரில் கூட்டிக்கொண்டு போய், 'இனிமேல் இவர்தான் வருவார்' என்று சொல்லிவிட்டு வாருங்கள்.